அறிவிப்பு அறையில் ஒரு தொண்டை வலி

கோபம் வந்தால்கூட என் அண்ணி ல, ள, ழ பிசகாமல்தான் திட்டுவார். பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று சொல்வது அவர் வேலை. அதே நிலையத்தின் பார்சல் கவுன்ட்டரில் நான். சாலைக்கு எதிர்ப்பக்கம் அண்ணனின் பஞ்சர் கடை. ஆக, வீட்டில் கேட்கும் குரலையே நாள் முழுக்க ஒலிபெருக்கியிலும் கேட்கிற பாக்கியம் எங்கள் இருவருக்கும் உண்டு.

"மத்தவங்களுக்கெல்லாம் பொண்டாட்டி குரல் வீட்ல மட்டும்தான். எனக்கு மட்டும் ரெண்டு ஷிப்ட்" என்று அண்ணன் புலம்புவான். எல்லாம் பேச்சுக்குத்தான். அண்ணி விடுப்பு எடுத்த நாளில் அவனுக்கு ஸ்பேனர்கூடக் கையில் நிற்காது.

அந்தக் குரலுக்குத்தான் கேடு வந்தது. முதலில் வேகம் பிடித்துக்கொண்டது. சொற்கள் ஒன்றையொன்று முண்டியடித்துக்கொண்டு வெளியே வந்தன. அப்புறம் நடுக்கம். வேளை தவறாமல் சாப்பிட்டும் உடம்பு துரும்பாய் இளைத்தது. பெரியவர் ஒருவர் என் கவுன்ட்டருக்கு வந்து, "அந்தம்மா வண்டியைவிட வேகமா போறாங்களே, எந்த மேடைன்னு சொன்னாங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிலைய மேலாளர் நல்லவர். நல்லவிதமாகத்தான் கேட்டார்: "கொஞ்ச நாள் டிக்கெட் பக்கம் போய் உட்கார்றீங்களாம்மா?" அண்ணி தலையாட்டிவிட்டு வந்து, என் பார்சல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார். மைக்கை விட்டுவிட்டு அவர் வேறு எங்கே போவார்?

டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரத்தம் சோதித்து, தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே ஓர் எச்சரிக்கை: "நீங்களா கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஆனா காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், இதுல எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாம அன்னைக்கே வந்து ரத்தம் குடுக்கணும். மறந்துராதீங்க." அண்ணி சரி சரி என்று தலையாட்டினார். என்ன வேலை என்று கேட்டதற்கு 'பஸ் ஸ்டாண்ட் ஆபீஸ்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மாத்திரை நன்றாகவே கேட்டது. டிக்கெட் பக்கம் மாற்றுவதற்குள், சில வாரங்களிலேயே குரல் அடங்கியது, நடுக்கம் போயிற்று. ஒருநாள் காலையில் ஒலிபெருக்கியில் பழைய அண்ணி பேசினார். ஒவ்வொரு ஊரின் பெயரும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. நான் பசை டப்பாவைக் கவிழ்த்துவிட்டேன், சந்தோஷத்தில். அன்றிலிருந்து மாத்திரை அட்டையைக் கைப்பைக்குள் சாமிப் படம் மாதிரி வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் தொண்டை வலி வந்தது.

இதை எங்கள் நிலையத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நாள் முழுக்கப் புகையிலும் தூசியிலும் கத்துகிறவர்களுக்குத் தொண்டை வலி என்பது வேலையின் ஒரு பகுதி. அறிவிப்பு அறையில் நாற்காலி ஒன்று குறைந்தாலும் குறையும்; உப்பு டப்பாவும் வெந்நீர்க் கெட்டிலும் குறையாது. அடுத்த ஷிப்ட் பார்க்கும் கரகர அண்ணன், பட்டப்பெயருக்கு ஏற்ற தொண்டைக்காரர், சட்டைப் பையிலிருந்து மிட்டாயை எடுத்து நீட்டினார். "நமக்கு இல்லாத தொண்டை வலியா? கொப்பளிங்க, போயிரும்."

அண்ணியும் கொப்பளித்தார். சாயங்காலம் உடம்பு சுட்டது. அறையின் ஏசிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். "அண்ணி, டாக்டரம்மா என்னமோ சொன்னாங்களே?" என்று கேட்டேன். "அது உன்னை மாதிரி ஆளுங்களுக்குச் சொன்னது. எனக்கு எப்பத்தான் தொண்டை வலி இல்ல? மாத்திரைய நிறுத்தினா மறுபடி குரல் ஓட ஆரம்பிச்சிரும்டீ." பயம் அதில்தான் இருந்தது. காய்ச்சலைவிட அந்த டிக்கெட் ஜன்னல்தான் அவரை அதிகம் மிரட்டியது.

மறுநாள் காலை. கூட்டம் நெரிந்தது. அண்ணி வழக்கமான பாதுகாப்பு அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தார், எனக்கே மனப்பாடம். "பயணிகள் கவனத்திற்கு. கேட்பாரற்ற பையோ பெட்டியோ கண்ணில் பட்டால், யாரோ மறந்துவிட்டுப் போனதுதானே என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டு…"

அங்கே குரல் நின்றது.

மைக் அணையவில்லை, மூச்சு வாங்குவது கேட்டது. நிலையமே அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தது. பிறகு, அந்த நிலையிலும் உச்சரிப்புப் பிசகாமல்: "பார்சல் கவுன்ட்டர் ஊழியர் உடனடியாக அறிவிப்பு அறைக்கு வரவும்." சற்று இடைவெளி. "நானா முடிவு பண்ணிட்டேன்டீ. பயமா இருக்கு. வா."

நான் ஓடினேன். எனக்கு முன்னால் அண்ணன் போய்ச் சேர்ந்திருந்தான், கையெல்லாம் கிரீஸ். சாலையை எப்படிக் கடந்தான் என்று அவனுக்கே தெரியாது. அண்ணிக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. அன்றைய மாத்திரை பிரிக்கப்படாமல் மேசைமேல் கிடந்தது.

நேரே மருத்துவமனைக்குப் போனோம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார். கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளணுக்கள் அடியோடு குறைந்துவிட்டனவாம். ரொம்ப அபூர்வமாகச் சிலருக்கு அந்த மாத்திரை அப்படிச் செய்யும். "இன்னும் கொஞ்ச நாள் உப்புத் தண்ணியிலயே ஓட்டியிருந்தீங்கன்னா நான் இப்படிப் பேசிக்கிட்டு இருக்கமாட்டேன்."

"மாத்திரைய நிறுத்தினா குரல்…" என்று அண்ணி இழுத்தார்.

"குரலுக்கு வேற வழி இருக்கு. முதல்ல ஆளு வேணும்."

தனி அறை, ஊசி வழியாக மருந்து, முகமூடி இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. அண்ணன் கண்ணாடிக்கு வெளியே நின்று சைகையிலேயே குடும்பம் நடத்தினான். வெள்ளணுக்களின் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கிய நாளில் அவன் அழுததை நான் பார்த்தேன். கிரீஸ் கண்ணில் பட்டுவிட்டதாம். மருத்துவமனையில் ஏது கிரீஸ்?

அண்ணியின் வேலை என்னவென்று அப்போதுதான் டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டார். "இதை முதல்லயே சொல்லக்கூடாதா? தொண்டை உங்களை ஏமாத்தும்னு உட்கார வச்சு சொல்லியிருப்பேனே!" அந்த மாத்திரையை இனி ஒருபோதும் தொடக்கூடாது, எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் சொல்ல வேண்டும் என்றார். பிறகு கதிரியக்க அயோடின் கொடுத்துச் சுரப்பியை அடக்கினார்கள். அது இப்போது சோம்பிக் கிடக்கிறது. அதற்கு ஈடாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் வேறொரு சின்ன மாத்திரை, டீ அப்புறம்தான். டீயில்லாத அந்த நேரத்தில் அண்ணியிடம் நாங்கள் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

டிக்கெட் ஜன்னலுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. இப்போது கரகர அண்ணன் இருமினால்கூட அண்ணி, "காய்ச்சல் இருக்கா? என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று வக்கீல் மாதிரி ஆரம்பித்துவிடுகிறார். மனிதர் மிட்டாயை ஒளித்துத் தின்கிறார்.

அண்ணன் கடையின் கம்ப்ரசர் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதுகூடக் காதில் விழாது. இப்போதெல்லாம் ஒலிபெருக்கி கரகரத்ததும் அதை அணைத்துவிடுகிறான். பாதிக் காற்றோடு டயர் நிற்கும். வண்டிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். "இருங்க சார், முடிச்சிரட்டும்" என்று கையைத் துடைத்துக்கொண்டு நிற்பான். பாதுகாப்பு அறிவிப்பு கடைசி வார்த்தைவரை வந்து முடிந்த பிறகுதான் கம்ப்ரசரைப் போடுவான்.