கற்பூரம் அணைத்த கை

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில், தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். விடிந்ததும் கேட் திறக்கும். போலீஸ்காரர் ஒவ்வொருவர் அடையாளக் கார்டையும் பார்த்துவிட்டு வெளியே விடுவார். ரப்பர் பால் வெட்டப் போகும் நாங்கள் குத்தகைக்காரரின் லாரியில் நின்றபடியே பாதித் தூக்கத்தில் போவோம். பனிக்குள் ரப்பர் மரங்கள் தாமாக நடந்து வருவதுபோல் இருக்கும். அப்படி ஒரு காலையில்தான் டுரியான் துங்கால் வளைவில் லாரி கவிழ்ந்தது. என் வலது கையில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் போயின. எனக்குப் பத்தொன்பது வயது.

ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினால் கை முழுசாக இருக்கும். கனவில் ஒரே மரத்தை வெட்டிக்கொண்டே இருப்பேன். கோப்பையில் பால் சொட்டுவதுகூடக் கேட்கும். விழித்தால் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

லாரி ஓட்டிய டிரைவர் அண்ணனுக்கு ஜெயில் என்று தீர்ப்பானது. அவர் அப்பீல் செய்தார். அது நடந்துகொண்டிருக்கும்போது அவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"மனசுல ஒண்ணும் வச்சிக்காத தங்கச்சி. முனியாண்டி சாமி முன்னால ஒரு வார்த்தை சொல்லிடுலா. உன் வயித்தெரிச்சல் இருந்தா அப்பீலு நிக்காது."

எங்கள் லயத்தில் சண்டை தீர்வது அப்படித்தான்; சாமி முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் பகை முடிந்தது. வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் கற்பூரத்தை அணைத்தேன். "இனிமே எனக்கும் உங்களுக்கும் ஒண்ணுமில்ல" என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

அப்பீலில் அவர் விடுதலையானார். கோர்ட்டும் விட்டுவிட்டது, நானும் சத்தியம் செய்துவிட்டேன், இனி நஷ்டஈட்டை யாரிடம் போய்க் கேட்பது என்று புல் பிடுங்கும் வேலைக்குப் போகத் தொடங்கினேன். அம்மா விடவில்லை. அலோர் காஜாவில் ஒரு லாயரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"அவர் ஜெயிலுக்குப் போக வேணாம்னு கோர்ட்டு சொன்னது ஒரு வழக்கு. உன் விரல் போனது வேற வழக்கு. அவர் மேலயும் லாரி முதலாளி மேலயும் இப்பவும் நீ கேட்கலாம்மா" என்றார் லாயர்.

"கற்பூரம் அணைச்சிட்டேன் சார்."

"முனியாண்டி கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லமாட்டாரு" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விடத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் நம்பர் எழுத என் அடையாளக் கார்டைக் கேட்டார். விரித்துக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன். அதில் என் வலது பெருவிரல் இருந்தது. மரத்தில் நான் வெட்டிய கோடுகள் மாதிரி, ஒரு வரிகூடக் குறையாமல் கறுப்பு ரேகையாக இருந்தது. தினமும் போலீஸ்காரர் பார்த்ததை நான் அன்றுவரை பார்த்ததே இல்லை. தலைக்குமேல் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அந்த ரேகையையே பார்த்தேனோ தெரியாது.

அண்ணனை நான் மன்னித்தது உண்மை. அந்த விரலைக் கேட்காமல் விட என்னால் முடியவில்லை.

லாயர் வழக்குக் காகிதத்தையும் மைப்பெட்டியையும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். பழக்கத்தில் வலது கையை நீட்டிவிட்டேன். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு, கற்பூரம் அணைத்த கையின் பெருவிரலை மையில் அழுத்தினேன்.