மாஸ்டர் மூச்செடுத்த இடம்

துண்டால் தலையை மூடிக்கொண்டு, ஆவி பறக்கும் பாத்திரத்தின் மேல் குனிந்திருந்த எங்கள் மாஸ்டர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். ஜார்ஜ் டவுனில் எங்கள் மாதா கோயிலின் பின்னறை அது. பாடகர் குழுவை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர்; நான் கீபோர்டு வாசிப்பவள். அந்தத் தவக்காலத்தில் அவருக்குச் சளி பிடித்தது, இருமல் விடுவதாக இல்லை. குழுவில் ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டோம். ஊருக்குச் சற்றுத் தள்ளி ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து வரும் அக்கா தன் வீட்டுத் தொட்டியிலிருந்து கற்பூரவள்ளி பறித்து வந்தார். இன்னொருவர் அதிமதுரக் கஷாயம். சூலியா தெருக் கடை அண்ணன் தைலம் கொண்டுவந்து, எத்தனை சொட்டு விடுவது என்று கஷாயக்காரரோடு சண்டையே போட்டார். வெந்நீர் என் பொறுப்பு. அந்தப் பிடிவாதக்காரரை எங்களுக்கு அவ்வளவு பிடிக்கும்.

"கிளினிக் போய்ட்டு வந்துடுங்களேன் மாஸ்டர்" என்று ஒரு முறை சொன்னேன், ஒரே முறை.

"போனா வாயத் தொறக்காதம்பாங்க. பெரிய வெள்ளி முடியட்டும்லா" என்றார். பெரிய வெள்ளியன்று சிலுவையடியில் மாதா புலம்பும் பாட்டை அவர்தான் தனியாகப் பாடுவார்.

ஆவியும் கஷாயமும் தொண்டைக்கு நல்லதுதான் செய்தன. குரல் திறந்துகொண்டது. பாடுகிறவர்களுக்கு உடம்பு என்றாலே தொண்டைதான். குரல் வந்துவிட்டது, ஆள் தேறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்தப் பாட்டின் முதல் இரண்டு அடிகளை ஒரே மூச்சில் பாடுகிறவர், திங்கட்கிழமை ஒத்திகையில் முதல் அடி முடிந்ததும் மூச்செடுத்தார். புதன்கிழமை அடியின் பாதியிலேயே. அவருக்குச் சங்கடமாகிவிடக் கூடாதென்று நான் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன், அவர் நிறுத்திய இடங்களை வாசித்து நிரப்பினேன். பாடுகிறவரைத் தாங்கிப் பிடிப்பதுதானே என் வேலை. பெரிய வெள்ளியன்று கோயிலே அழுதது. "எல்லாம் ஆவிதான்லா" என்று தைலக்கார அண்ணன் பூரித்துப் போனார். மாஸ்டர் வியர்த்த முகத்தோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். யாருக்கும் தெரியாமல் அவரைக் கரை சேர்த்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலை அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நுரையீரலிலும் கிருமி பரவிவிட்டது என்றார்கள். மூச்சுத் திணறல் எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். "நேத்து வரைக்கும் ஒன்னுமே இல்ல டாக்டர். நேத்துகூட கோயில்ல முழுப் பாட்டும் பாடினாரு" என்றார் மாஸ்டரின் மனைவி. டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்றிருந்த எனக்கு எந்த நாள் என்று தெரியும், எந்தச் சொல்லில் மூச்சு நின்றது என்றும் தெரியும். அதை அப்போதே டாக்டரிடம் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. நான்காம் நாள் மாஸ்டர் போய்விட்டார்.

இப்போதும் நான்தான் வாசிக்கிறேன். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் அவர் மனைவி முன்வரிசையில் உட்காருகிறார். வழிபாடு முடிந்ததும் நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"கடைசி வரைக்கும் மூச்சு முட்டாமப் பாடிட்டுத்தான் போனாரு, இல்லம்மா?"

"ஆமாக்கா" என்கிறேன்.