பெரியம்மா சொன்ன சம்மதம்

என் முதல் நிக்காஹில் சம்மதம் சொன்னது நான் இல்லை, என் பெரியம்மா. எனக்கு இருபது வயது. தொம்மலூரில் அண்ணன் வீட்டு உள்ளறையில் முக்காடு போட்டு உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையும், நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத்தும் ஆண்களோடு கூடத்தில் இருப்பார்கள். பெண்வீட்டுக்காரர் ஒருவர் இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்து, இன்னாருக்கு உன்னை மணமுடித்துத் தரச் சம்மதமா என்று பெண்ணிடம் கேட்பார். அன்று அண்ணன் வந்து கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, "தலைய ஆட்டிட்டா, போங்க போங்க" என்றார். கிள்ளியது வலித்து நான் நெளிந்தேன். அதுதான் அவர்கள் பார்த்த தலையாட்டல்.

பெண்ணின் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் இல்லை என்பது மார்க்கச் சட்டம். வெட்கத்தில் பேச முடியாத கன்னிப் பெண்ணுக்கு மௌனமே சம்மதமாக ஏற்கப்படும் என்று ஒரு சலுகையும் உண்டு. அந்தச் சலுகையை எங்கள் வீட்டுப் பெண்கள் பூட்டாக ஆக்கிவிட்டார்கள். எனக்குச் சட்டத்தின் மேல் கோபமில்லை. அதில் தங்களுக்கு வசதியான பாதியை மட்டும் படிப்பவர்கள் மேல்தான் கோபம். ஏழு வருடம் கழித்து அந்தக் கல்யாணத்திலிருந்து என்னை வெளியே கொண்டுவந்ததும் அதே சட்டம்தான். மனைவியே கேட்டுப் பெறும் விடுதலைக்குக் குலா என்று பெயர். மணக்கொடையாக வாங்கிய மஹரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

மகளுக்குப் பத்து வயதானபோது, ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் அத்திபெலேயிலிருந்து ஒரு வரன் வந்தது. மனைவியை இழந்தவர், லிஃப்ட் பராமரிக்கும் வேலை. இரண்டு முறை பேசினோம், பிடித்திருந்தது. ஆனால் வீட்டில் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பல்லவி பாடினார்கள்: பிள்ளை கொஞ்ச நாள் அண்ணன் வீட்டிலேயே இருக்கட்டும். எங்கள் குடும்பத்தில் கொஞ்ச நாள் என்றால் அவள் கல்யாணம் வரைக்கும் என்று அர்த்தம். மறுமணம் செய்துகொள்ளும் தாய்க்குப் பிள்ளையை வளர்க்கும் முன்னுரிமை போய்விடும் என்று சட்டத்தையும் எடுத்துக் காட்டினார்கள். அப்படி ஒரு விதி இருப்பது உண்மைதான். எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளைப் பெற்ற மனிதர் ஒரு நாளும் அவளைக் கேட்டு வரவில்லை. அவளை விட்டுவிட்டுப் போய் நான் யாரோடு குடித்தனம் நடத்துவது?

நான் ஒரு ஆபீஸில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். ஆஃபர் லெட்டரில் எழுதாதது எதுவும் செல்லாது என்று வேலைக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறவள். மகள் என்னோடு இருக்கலாம் என்று மாப்பிள்ளை வாயால் சொன்னது எனக்குப் போதவில்லை. நேரே பள்ளிவாசலுக்குப் போய், இதை ஒரு நிபந்தனையாக எழுத முடியுமா என்று ஹஜ்ரத்தைக் கேட்டேன்.

"மாப்ள ஒத்துக்கிட்டா ஷரத்து போடலாம்மா. நிக்காஹ் தஃப்தர்ல எழுதிடலாம். எழுதினா அத காப்பாத்துறது அவர் பொறுப்பு" என்றார். இன்னொன்றும் சொன்னார். "இந்தவாட்டி நீங்க வாயால சொல்லணும். ஒருவாட்டி கல்யாணமான பொண்ணுக்கு மௌனம் செல்லாது."

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பெரியம்மாவுக்கு இனி வேலையில்லை.

நிக்காஹ் அன்று அதே வீடு, அதே அறை. மகள் என் பக்கத்தில் புது உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் பெரியம்மா. அண்ணன் நிக்காஹ் பதிவேடான தஃப்தரோடும் இரண்டு சாட்சிகளோடும் உள்ளே வந்து கேட்க வேண்டியதைக் கேட்டார். நான் தஃப்தரை வாங்கிப் பார்த்தேன். ஷரத்து எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"அண்ணே, ஷரத்து எங்க?"

"அதான் பேசியாச்சே. எழுதினா அவங்கள நம்பலன்னு ஆயிடும். நான்தான் ஹஜ்ரத் கிட்ட வேணாம்னுட்டேன்."

"அப்ப நான் இன்னும் சம்மதம் சொல்லல."

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "இன்னாமா இது, இத்தினி பேர் முன்னால மானத்த வாங்குற? அங்க பிரியாணி தம் பிரிக்கப் போறாங்க."

"பிரிக்கட்டும். நான் பிரியாணிக்குக் குறுக்க நிக்கல."

கூடத்திலிருந்து யாரோ, "ஆயித்தாப்பா? சொல்லிட்டாங்களா?" என்று குரல் கொடுத்தார்கள். "இல்ல" என்று நானே பதில் கொடுத்தேன். எனக்குப் பயம் இல்லை என்று பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே இல்லை. என் ஒரு வார்த்தை இல்லாமல் அங்கே இருக்கும் அத்தனை ஆண்களாலும் எதையும் நடத்த முடியாது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வது நான் இல்லை, அவர்கள் தலைகுனிந்து ஏற்கும் சட்டம்.

அண்ணன் வேறு வழியில்லாமல் தஃப்தரைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. "மாப்ளயே, நான் அன்னிக்கே சரின்னேனே, இன்னும் எழுதலையான்னு கேக்கறாரு. கையெழுத்துப் போட்டுட்டாரு." ஹஜ்ரத்தின் கையெழுத்தில் வரி தெளிவாக இருந்தது: மணமகளின் மகள் தாயுடன் அதே வீட்டில் வசிப்பாள்.

"இப்ப சொல்லும்மா" என்றார் சாட்சியாக வந்த பெரியவர்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது மகளைப் பார்த்தேன். குனிந்த தலை நிமிராமல் உள்ளங்கை மருதாணியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. வசிப்பாள் என்று எழுதியாகிவிட்டது. வருகிறாயா என்று அவளை யார் கேட்டார்கள்? வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. ஹஜ்ரத்திடம் அத்தனை வாயடித்த நானும் கேட்கவில்லை. பெரியம்மா எனக்குச் செய்ததை நான் என் மகளுக்குச் செய்திருந்தேன், கிள்ளாமல் செய்ததுதான் வித்தியாசம். வெட்கமாக இருந்தது.

"நீ என்னோட அத்திபெலேக்கு வர்றியா? உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

அவள் மருதாணியைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவளுக்குச் சம்மதம்தான். பாரு, சிரிக்கிறா" என்றார் பின்னாலிருந்து பெரியம்மா.

மகள் சிரிக்கவில்லை.

"பெரியம்மா, நீங்க சும்மா இருங்க. அவ சொல்லட்டும்."

சட்டப்படி அவள் வாயிலிருந்து யாருக்கும் ஒரு வார்த்தையும் தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது. அந்தப் பெரியவர் நல்ல மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் ஒரு பத்து வயதுப் பெண்ணுக்காகக் காத்திருந்தோம்.

"என் ஸ்கூல மாத்தக் கூடாது" என்றாள் கடைசியில்.

"மாத்தல. நான் ஆபீஸுக்கு வர்ற பஸ்லயே உன்னையும் கூட்டிட்டு வர்றேன். விடியக்காலையில எழுந்திருக்கணும், பரவாயில்லையா?"

யோசித்தாள். பிறகு முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்க போய் எனக்குப் புடிக்கலன்னா, சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"அப்ப வர்றேன்."

அதற்குப் பிறகுதான் நான் அண்ணன் பக்கம் திரும்பி, கூடத்துக்கும் கேட்கிற குரலில், எனக்குச் சம்மதம் என்று சொன்னேன்.