அந்த போல்ட் நான் செருகியது

உலு திராமில் பழைய கார்களை வெட்டி உதிரிபாகம் விற்கும் கடைக்கு இன்று மத்தியானம் போனேன். என் காரில் வேக்குவம் ஹோஸ் என்னும் ரப்பர் குழாய் கிழிந்துவிட்டது.

"அதே மாடல் ஒன்னு போன வாரம் வந்துச்சுண்ணே. முன்னால இடிச்ச வண்டி. ஹோஸ் நல்லா இருந்தா எடுத்துக்குங்க," என்றார் கடைக்காரர் சிவா.

நசுங்கிய பானட்டை இருவரும் நெம்பித் திறந்தோம். பிரேக்குக்குப் போகும் ஹோஸின் வாயில் ஒரு போல்ட் செருகியிருந்தது. அதைச் சுற்றி நீலத் துணி.

"அலமாக்! எந்த மடையன் இத அடைச்சான்? இஞ்சின் இழுக்கிற வேக்குவம்தான் பிரேக்க லேசாக்குது. அடைச்சா பெடல் கல்லு மாதிரி ஆயிடும்லா. ரெண்டு காலால மிதிச்சாதான் வண்டி நிக்கும்."

அந்தத் துணி என் பழைய ஃபேக்டரி சட்டை. வண்டியும் நான் முன்பு விற்றதுதான். காற்று கசிந்து இஞ்சின் உதறுகிறதே என்று ஹோஸை நான்தான் அடைத்தேன். உதறல் நின்றது. வண்டியை வாங்க வந்த கூலாய் ஊர்க்காரரிடம், "பிரேக் கொஞ்சம் கெட்டி, போகப் போகப் பழகிடும்," என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன்.

"ஓட்டுனவருக்கு என்ன ஆச்சு?" என்று சிவாவைக் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நமக்கு வண்டி மட்டும்தான் வருது."

கூலாய்க்காரரின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். அழைக்கவில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களே, உங்கள் பானட்டுக்குள் எதை அடைத்து வைத்திருக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள். விற்பதற்கு முன்னால் எழுதுங்கள்.