காரை மண்சரிவில் ரஹ்மத்துல்லா பாய்

பாடாலூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது ரஹ்மத்துல்லா பாயின் மகன் ஹாரிஸ் போன் செய்தான். "அத்தா மவுத்தாயிட்டாங்க சார்" என்றான். விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு எழுந்தவர் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து உயிரை விட்டுவிட்டாராம். நான் அவர் ஊரான லப்பைக்குடிக்காடு போய்ச் சேர்வதற்குள் கடைத்தெருவில் பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருந்தது.

துபாயிலிருந்து திரும்பி ஹார்டுவேர் கடை போட்டவராகத்தான் உங்களில் பலருக்கு ரஹ்மத்துல்லா பாயைத் தெரியும். அவருடைய கல் பைத்தியம் எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் என் பைக்கில் ஏறிக் காரை கிராமத்து ஓடைகளுக்கு வருவார். கல்லாகிப்போன மரத்துண்டுகளுக்குள் அகேட் என்ற வண்ணப் பட்டைக் கல் இருக்கிறதா என்று தேடுவார். தண்ணீர் பட்டால்தான் அதன் பட்டைகள் தெளியும். "நனைச்சுப் பாக்காம எந்தக் கல்லையும் மட்டமா பேசாதீங்க சார்" என்பார்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, களிமண் கரையில் அப்படி ஒரு துண்டு துருத்திக்கொண்டிருந்தது. உடைந்த முகத்தில் நீலச் சாம்பல் பட்டைகள். நான் கிட்டே போன கணத்தில் கரை சரிந்தது. இடுப்புவரை புதைந்துவிட்டேன். தலைக்கு மேல் புதிதாக ஒரு விரிசல். அதிலிருந்து மண் உதிர்ந்து என் தோளில் விழுந்துகொண்டே இருந்தது.

ஊருக்குள் போய் ஆள் கூட்டி வரச் சொன்னேன். அவர் நகரவில்லை.

"அதுவரைக்கும் இது நிக்காது சார். காலை ஆட்டாதீங்க. விரிசலப் பாத்துக்கிட்டே இருங்க, பெருசானா சொல்லுங்க."

கல் உடைக்கக் கொண்டுவந்திருந்த சுத்தியல் என் காலில் பட்டுவிடும் என்று கையாலேயே தோண்டினார். விரல் நுழையும் அளவில் இருந்த விரிசல் கை நுழையும் அளவானது. சொன்னேன்.

"இன்னும் ஒரு கால்தான்" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஷூவை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்து விழுந்தேன். என்னை இழுத்துக்கொண்டு ஓடைக்குள் உருண்டார். அவர் மண்டியிட்டிருந்த இடத்தில் மொத்தக் கரையும் வந்து இறங்கியது. அவருக்கு இரண்டு நகங்கள் பிய்ந்திருந்தன.

"வூட்டுல சொல்லிடாதீங்க. அடுத்த வாரம் வுட மாட்டாங்க" என்றார். அவர் இருந்தவரை நான் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு ஹாரிஸிடம் சொன்னேன்.

"மேல விரிசல் பெருசாவுறது அத்தாவுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும். நான்தான் சொன்னேன்."

அவர் தந்த கற்களை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவேன். என் முழங்கால் அருகே மண்ணை அள்ளிக்கொண்டிருந்த அந்தக் குனிந்த தலை என்னோடு இருக்கும்.