விமான ஓட்டலில் நிச்சயதார்த்தம்

போன ஆவணி மாதம், ஒத்தக்கடை தாண்டி மேலூர் சாலையில் ஓர் ஓட்டலில் நடந்தது இது. பறந்து ஓய்ந்த பழைய விமானம் ஒன்றை லாரியில் கொண்டுவந்து, வயல்களுக்கு நடுவே நிறுத்தி ஓட்டலாக்கியிருந்தார்கள். இறக்கை, வால், படிக்கட்டு எல்லாம் அப்படியே இருந்தன. முன்சீட்டின் முதுகில் மடக்கியிருக்கும் சின்ன மேஜையை இறக்கி, அதில் சாப்பாடு வைப்பார்கள்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்வெல் லாரியில் ஆந்திரா, ராஜஸ்தான் என்று சுற்றியே பாதி வயது போய்விட்டது. ஓர் ஊரில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல இருந்தால் எனக்குப் பொறுக்காது. அத்தான் இறந்த பிறகு அக்கா தனியாளாக மகளை வளர்த்து, நர்சிங் படிக்க வைத்தாள். மாப்பிள்ளை அமைந்ததும், அப்பா இடத்தில் இருந்து தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டியவன் தாய்மாமன் நான்தான். நிச்சயதார்த்தத்துக்கு இடம் பார்க்கும் பொறுப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

விமானத்தைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன். ரயிலில் பொதுப் பெட்டியில், கக்கூஸ் கதவோரம் நின்றே பழகியவன் நான். இங்கே வருகிற எல்லோருக்கும் மெத்தை சீட்டு, ஏசி வேறு. இதைவிட என்ன மரியாதை செய்துவிட முடியும்? ஒரு காலைப்பொழுதுக்கு ஓட்டல் முழுவதையும் பேசி முடித்தேன்.

அன்று எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. எல்லாச் சீட்டும் ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கிறது. நிச்சயம் என்றால் இரு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசி, நடுவில் தட்டுகளை வைக்க வேண்டும். நாங்கள் பெண் வீட்டார் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டோம். மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கள் பிடரிதான் தெரிந்தது. சீட்டைத் திருப்ப முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "போல்ட்டு போட்டு இறுக்கியிருக்குண்ணே" என்றார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "ஏன் தம்பி, ஒங்க முதுகைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வரச் சொன்னீங்க? பெல்ட்டு மாட்டிக்கிட்டுத்தான் தட்டு மாத்தணுமோ?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எறங்குங்கப்பா, வேற நாள் பாத்துக்குவோம்" என்று எழுந்து படிக்கட்டை நோக்கி நடந்தார். பின்னாலேயே நாலைந்து பேர் எழுந்தார்கள்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "என்னடா இப்படிச் செஞ்சு வச்சிருக்க?" சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால், அது அந்தப் பெண்ணை லேசில் விடாது. போர்வெல் போடும்போது இருநூறு அடி ஆழத்தில் துளைபோடும் ராடு உடைந்து விழுந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

பெரியப்பாவின் பின்னாலேயே ஓடி இறங்கினேன். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மாவும் இறங்கி வந்தார். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர். யாரையும் பார்க்காமல் நேராக இறக்கைக்கு அடியில் போனார். அங்கே அகலமாக நிழல் விழுந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டுச்சேலையோடு சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள எனக்கு மூச்சு முட்டுது மாமா. இங்கன காத்து நல்லா வருது, வாங்க" என்று கணவரின் அண்ணனைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்து, "அண்ணே, விரிக்க ஏதாச்சும் கெடைக்குமா?" என்றார்.

"ஏத்தா, தரையிலயா?" என்றார் பெரியப்பா.

"நம்ம வீட்ல மட்டும் சிம்மாசனமா கெடக்கு?"

இந்த முறை அவரும் சிரித்துவிட்டார். மேனேஜர் பச்சைக் கம்பளம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். எதிரெதிரே உட்கார்ந்தோம். நல்ல நேரம் முடிவதற்குள் மாப்பிள்ளையின் அப்பாவும் நானும் தட்டு மாற்றிக்கொண்டோம்.

பிறகு எல்லோரும் உள்ளே போய்ச் சாப்பிட்டோம். சாப்பிடும்போது யார் முதுகை யார் பார்த்தால் என்ன? மாப்பிள்ளையின் அம்மா ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, நிதானமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சு முட்டியதாகத் தெரியவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது, நான் மறுபடி லாரி ஏறிவிட்டேன். இப்போதெல்லாம் வேலையிடத்தில் யாராவது எல்லோர் முன்னாலும் சொதப்பிவிட்டு முழித்துக்கொண்டு நின்றால், நியாயம் பேசுவதை அப்புறம் வைத்துக்கொண்டு, முதலில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.