ஜெபத்துக்கு நடுவே வேலைக்குப் போனவள்

ஒரே மாதத்தில் பதினொரு ஜெபக்குழுக்கள் அந்த வீட்டுக்கு வந்து போயின. வீடு என்றால் இரண்டே அறை. முன்னறையில் ஒரு கட்டில், கட்டிலில் ஒரு கணவர், மிச்ச இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முழங்கால் நன்றாக இருந்தவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். முழங்கால் பழுதானவர்கள் வாசலில் நின்றபடியே பரலோகத்தைக் கூப்பிட்டார்கள். எல்லாக் குழுவும் பாடியது ஒரே பாட்டு, குடித்தது அவள் போட்ட தேநீர். கிளம்பும்போது, "நம்பிக்கையை மட்டும் விட்டுடாதீங்க சகோதரி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தம்ளர்களைக் கழுவும்போது அவள் நம்பிக்கையை விடவில்லை. ஒரு தம்ளரைத்தான் விட்டாள். எவர்சில்வர், உடையவில்லை.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்துச் சலவைக்கூடத்தில். ஈரப் படுக்கைவிரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் நுழைக்க வேண்டும். ஒருத்தி மட்டும் நுழைத்தால் விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போய், பழைய செய்தித்தாள் மாதிரி சுருங்கி வெளியே வரும். இந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் அங்கே அவளுக்கு ரோலர் அக்கா என்று பெயர். சபையில் வேறு பெயர்: "பாவம், அந்தச் சகோதரி." இதில் 'பாவம்' கணவர் விழுந்த பிறகு சேர்ந்தது.

கணவர் பெயின்டர். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவர். கழுத்துக்குக் கீழே அசைவு கிடையாது. கழுத்துக்கு மேலே, முக்கியமாக வாயில், எந்தப் பழுதும் இல்லை. அப்படிப் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போட வேண்டும். மறந்தால் படுக்கைப்புண் வரும். ஒருமுறை இடுப்பில் வந்தது. அது ஆறுவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டது நாத்தனார். மகளுக்குப் பிரசவம் என்று நாத்தனார் ஊருக்குப் போனாள். திரும்பி வர ஆறு மாதமாவது ஆகும். இவள் ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள். அதற்கு மேல் மேற்பார்வையாளர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். ரோலருக்குத் தெரியாது. திங்கக்கிழமை பத்து மணிக்கு நீங்க வரலேன்னா வேற ஆள் போட்டுடுவேன்."

அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். எனவே ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் நேராக நம்பிக்கைக் குழுவின் செயலாளர் அம்மாவிடம் போனாள்.

நம்பிக்கைக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'துன்புறும் உலகுக்குத் திருச்சபை தரும் நம்பிக்கை' என்பது அந்தச் சபையின் அந்த ஆண்டுத் தலைப்பு. அதற்கு ஒரு கருத்தரங்கு, அந்தக் கருத்தரங்குக்கு ஒரு குழு. குழு கூடிக் கூடிப் பேசியது. பேனருக்குத் துன்பத்தைக் காட்டும் ஊதா நிறமா, நம்பிக்கையைக் காட்டும் மஞ்சளா என்று இரண்டு கூட்டம் நடந்தது. கடைசியில் ஊதாவில் மஞ்சள் எழுத்து என்று சமாதானமானார்கள். பேனரில் போட அழுகிற குழந்தையின் படம் ஒன்று வேண்டியிருந்தது. எங்கேயோ தூர தேசத்துக் குழந்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்துத் தெருக் குழந்தை என்றால் பெற்றோர் சண்டைக்கு வந்துவிடுவார்களே.

செயலாளர் அம்மா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. யாரிடம் பேசினாலும் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்பது போலத்தான் பேசுவார்.

"அம்மா, காலையில பத்துலேர்ந்து ரெண்டு வரைக்கும் அவர் பக்கத்துல இருக்க ஆள் வேணும். நடுவுல திருப்பிப் போடணும். அவ்வளவுதான்."

"கண்டிப்பா ஜெபிக்கிறோம்."

"ஜெபம் நிறைய வந்துடுச்சும்மா. ஆள்தான் வரல."

"ஆளைக் கர்த்தர் அனுப்புவார்."

"இங்கயே இத்தனை பேர் இருக்காங்களேம்மா. அவர் வேற எங்கேர்ந்து அனுப்பணும்?"

செயலாளர் அம்மா அவள் தோளில் கை வைத்தார். "நீங்களே இப்படிச் சோர்ந்து போனா எப்படி? கருத்தரங்குல உங்களுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கோம். எங்க வீடு சந்திப்பு உங்களுக்கு எப்படி நம்பிக்கை குடுத்துச்சுன்னு சாட்சி சொல்லணும்."

"நான் அங்க வந்தா அவரை யாரு பாத்துக்கறது?"

"கர்த்தர் பாத்துக்குவார்."

வீட்டில் இதைச் சொன்னபோது பெயின்டர் கூரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "வரட்டும். எந்தப் பக்கமாத் திருப்பணும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிட்டுப் போ."

திங்கட்கிழமை காலை அவள் அவருக்கு ஊட்டி, மூத்திரப் பையைக் காலி செய்து, இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்கலாம் என்று போனால் கதவு பூட்டியிருந்தது.

"நீ கிளம்பு. நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்."

"நாலு மணி நேரம் ஒரே பக்கமா கெடந்தா என்ன ஆகும்னு தெரியும்ல உங்களுக்கு?"

"வேலை போனா என்ன ஆகும்னும் தெரியும்."

அவள் கைப்பையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தபோது வாசலில், "ஸ்தோத்திரம் சகோதரி" என்று குரல் கேட்டது. பன்னிரண்டாவது குழு. செயலாளர் அம்மாவும் 'முடிவாக' மூப்பரும்.

மூப்பர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜெபத்தின் நடுவே "முடிவாக, ஆண்டவரே" என்று ஆரம்பிப்பார். அது முடிவல்ல, பாதி வழி என்பது சபைக்கே தெரியும். அவர் ஜெபிக்க எழுந்தால் தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார்கள், குழந்தை இல்லாதவர்கள் அடுத்தவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆமென் சொல்லிக் கண் திறக்கும்போது பாதி நாற்காலி காலியாக இருக்கும். அதில் அவருக்கு ஆறாத மனக்குறை.

"எனக்குப் பத்து மணிக்கு வேலைங்க" என்றாள் அவள்.

"ரெண்டே நிமிஷம். சின்ன ஜெபம்" என்றார் செயலாளர் அம்மா.

மூப்பர் கண்ணை மூடினார். வெளிச்சம் உண்டானதிலிருந்து தொடங்கினார். ஜலப்பிரளயத்தைக் கடந்தார். எகிப்திலிருந்து ஜனங்களைப் புறப்படப் பண்ணினார். அங்கிருந்து நேராகத் துன்புறும் உலகத்துக்கு வந்து, காலைச் செய்தியில் கேட்ட வரிசைப்படி புயல், போர், அகதி முகாம் என்று ஒவ்வொரு கண்டமாகச் சுற்றினார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மூப்பர் இன்னும் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். அங்கிருந்து இந்தத் தெருவுக்கு வந்து சேர எப்படியும் அரைமணி ஆகும்.

பெயின்டர் ஒரு கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணால் வாசலைக் காட்டினார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவர் திரும்பவும் காட்டினார், உதட்டை மட்டும் அசைத்து 'போ' என்றார்.

அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். இருவரும் கண்களை இறுக்க மூடியிருந்தார்கள். ஒருவர் கட்டிலின் இந்தப் பக்கம், இன்னொருவர் அந்தப் பக்கம். ஒருவரைத் திருப்பிப் போட நிற்க வேண்டிய இடங்களிலேயே நின்றார்கள். ஒரு ஆளைக் கேட்டாள், இரண்டாக வந்திருக்கிறது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, செயலாளர் அம்மாவின் கைப்பையைத் தாண்டி நடந்தாள். வாசற்படியில் கால் வைக்கும்போது, "முடிவாக, ஆண்டவரே" என்று கேட்டது. ஒரு கணம் உறைந்து நின்றாள். பிறகு, இன்னும் பாதி இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. போய்விட்டாள்.

சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே டிக் போட்டார். உருளையின் மறுமுனையில் நிற்கும் தோழிதான் கேட்டாள்.

"வீட்ல யாரை விட்டுட்டு வந்தீங்க?"

"சபைக்காரங்க ரெண்டு பேர்."

"பரவாயில்லையே. கேட்ட உடனே ஒத்துக்கிட்டாங்களா?"

"இன்னும் கேக்கல."

தோழி சிரித்தாள். அவளால் சிரிக்க முடியவில்லை. ஆமென் சொல்லிக் கண் திறந்து, ஆளைக் காணோம் என்று அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தால், அவர் இன்னும் இடது பக்கத்திலேயே கிடப்பார். ஒவ்வொரு விரிப்பையும் நுழைக்கும்போது அந்த இடுப்புத்தான் கண்முன் வந்தது. ரோலர் அக்காவின் கையிலிருந்து இரண்டு விரிப்புகள் கோணலாகப் போயின.

ஷிப்டு முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்திருந்தது. பெயின்டர் வலது பக்கமாகப் படுத்திருந்தார், முழங்கால்களுக்கு நடுவே தலையணைகூடச் சரியாக இருந்தது. மூப்பர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. மூத்திரப் பை நிரம்புகிறதா என்று பார்க்க வேண்டியிருந்ததால் மூடவில்லை. செயலாளர் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் கல்லாய் உட்கார்ந்திருந்தார்.

"இது உங்களுக்கே நல்லா இருக்கா சகோதரி? ஜெபத்துக்கு நடுவுல யாராவது எழுந்து போவாங்களா? எனக்கு அங்க பேனர்காரன் காத்துக்கிட்டு இருக்கான்."

"மன்னிச்சிடுங்கம்மா. ஆளைக் கர்த்தர் அனுப்புவார்னு நீங்கதான சொன்னீங்க. வாசல்ல உங்களைப் பாத்ததும் அனுப்பிட்டார்னு நெனச்சுட்டேன்."

செயலாளர் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூப்பரும் துண்டை மடித்து வைத்துவிட்டுப் பின்னால் போனார்.

நடந்ததைப் பெயின்டர் சொன்னார். "கண்ணைத் திறந்து, சகோதரி எங்கன்னாங்க. வேலைக்குப் போயிட்டா, ரெண்டு மணிக்கு மேல வருவான்னேன். அந்தம்மா எழுந்துட்டாங்க. போறதுன்னா போங்க, கொஞ்ச நேரத்துல என்னைத் திருப்பணும், அதைக் கர்த்தர் பாத்துக்குவார்னேன். திரும்ப உக்காந்துட்டாங்க."

"திருப்பத் தெரிஞ்சுதா அவங்களுக்கு?"

"அடியில மடிச்சுப் போட்ட துணியை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். அந்தம்மா பள்ளிக்கூட டிரில் மாதிரி ஒன்று, இரண்டு, மூன்றுன்னாங்க. மூப்பர் இரண்டுலயே இழுத்துட்டார். என் கால் போய்ச் சுவத்துல இடிச்சுது. நான் அடிச்ச பெயின்ட்தான், உரியல. வலிக்குதான்னு கேட்டார். கழுத்துக்குக் கீழ எனக்கு எதுவும் வலிக்காதுங்க, அதுதான் வியாதின்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் சும்மா இருந்தார். எனக்கே பயமாப் போச்சு."

செவ்வாய்க்கிழமை காலையில் மூப்பர் தனியாக வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. அவளுக்கு நம்பவே முடியவில்லை. பெயின்டருக்குக் காரணம் புரிந்துவிட்டது. "உலகத்துலயே அவர் ஜெபத்துக்கு நடுவுல எழுந்து போகாத ஒரே ஆள் நான்தான். விடுவாரா?" அன்று இரண்டாவது ஆள் இல்லை, அவளைப் போல ஒற்றை ஆளாகத் திருப்பிப் போட மூப்பருக்கு வராது. காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை மூப்பர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். சிலிண்டரைவிட லேசுதான் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

புதன்கிழமை மாலை நம்பிக்கைக் குழு அவசரமாகக் கூடியது. அந்தக் குழு தனக்குப் பெயர் தெரிந்த ஒருவருடைய துன்பத்தைப் பற்றிப் பேசிய முதல் கூட்டம் அது. பேசியது கட்டிலைப் பற்றி அல்ல, ஜெபத்துக்கு நடுவே எழுந்து போனது எவ்வளவு பெரிய குற்றம் என்பதைப் பற்றி. அவளிடமிருந்து சாட்சி நேரத்தைப் பறித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அது அவளுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது அவருக்குத் தெரியாது. அப்போது மூப்பர் எழுந்தார். எல்லாரும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

"நாளைக்குக் காலையிலயும் நான் அங்க போறேன். திருப்பறதுக்கு இன்னொரு ஆள் வேணும். யார் வரீங்க?"

உட்கார்ந்துவிட்டார். 'முடிவாக' என்ற சொல் வராததால் பேச்சு முடிந்துவிட்டது என்பதே கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் போதகர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில், எதையும் சும்மா விட்டுப் பழக்கமில்லாத செயலாளர் அம்மாதான் பேசினார். "ஆளாளுக்குப் போய் நிக்கறதுன்னா ஒழுங்கா இருக்காது. இதை முறையா ஒரு திட்டமாச் செய்யணும்."

அடுத்த வாரத்துக்குள் அதற்கு 'நம்பிக்கைக் கட்டில்' என்று பெயர் வந்தது, ஊதாவில் மஞ்சள் எழுத்தோடு பேனரும் வந்தது. கட்டில் காலில் ரிப்பன் கட்டி வெட்டினார்கள். தொடங்கியவர் செயலாளர் அம்மா என்று சபைப் பத்திரிகை படத்தோடு எழுதியது. படத்தில் பெயின்டரின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"என்னைத் திறந்து வெச்சுட்டாங்க" என்றார் அவர்.

"சிரிக்காதீங்க. திட்டத்தை மூடிடப் போறாங்க."

மூடவில்லை. கருத்தரங்கில் வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் துன்பத்தின் வேர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மூப்பரும் சபையின் கணக்காளரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று துணியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று என்று சொன்ன பிறகு இழுக்க மூப்பர் பழகிவிட்டார். புதிய புண் எதுவும் இல்லை. இதைக் கேள்விப்பட்டு, இதே மாதிரி ஒருவர் படுத்திருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் எங்களுக்கும் ஆள் வேண்டும் என்று சபைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த நிறத்தில் பேனர் என்று குழு யோசித்துக்கொண்டிருக்கிறது.

ரோலர் அக்காவின் காலை ஷிப்டு அப்படியே இருக்கிறது. வரும் திங்கட்கிழமை மூப்பரோடு கட்டிலருகே இருக்க வேண்டிய முறை போதகருடையது. ஒன்பதரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.